54 கிலோ சிங்கம்!

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ''நாலு குத்துச்சண்டை வீரர்கள் பேர் சொல்லுங்க சார், பார்ப்போம்!''

வயதில் பெரியவர் என்றால் யோசிக்காமல் ''முகமது அலி!'' என்பார். 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிச் சண்டை போட்டதை, ஏதோ தானே நடுவராக நின்று நடத்தி வைத்த மாதிரி விவரிப்பார். நடுத்தர வயதுக்காரர், ''மைக் டைசன்... அதான், காதைக் கடிச்சாரே!'' என்பார். புதிதாக வேலையில் சேர்ந்த பையன் ''சார்பட்டா கபிலன்'' என்பான். அது சினிமா பாத்திரம் என்று திருத்தினால் முகம் சுருங்கிவிடும். எதிர் வரிசையிலிருந்து ஒரு மேடம், ''ஏன், எங்க மேரி கோம் இல்லையா?'' என்று குரல் கொடுப்பார். ஆக, நாலு.

''டிங்கோ சிங்?'' என்று ஐந்தாவதாக நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

''டிங்கோவா? பிஸ்கட் பேர் மாதிரி இருக்கே!''

காஞ்சிபுரத்தில் எங்கள் ஆபீஸில் கிடைத்த பதில் இதுதான். உங்கள் ஆபீஸிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இத்தனைக்கும் நாங்கள் மல்லர்களுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள்! ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட நரசிம்மவர்ம பல்லவனுக்கு 'மாமல்லன்' என்றே பட்டம். மகாபலிபுரத்துக்கு மாமல்லபுரம் என்று பெயர் வந்ததே அந்தப் பட்டத்தால்தான். மல்லனின் ஊரில் பிறந்துவிட்டு ஒரு மல்லனைத் தெரியாமல் இருக்கலாமா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். பெயரில் 'சிங்' இருப்பதால் தலைப்பாகையும் தாடியுமாக ஒரு பஞ்சாபிக்காரரைக் கற்பனை செய்யாதீர்கள். இவர் மணிப்பூர்க்காரர். முழுப் பெயர் ஙாங்கோம் டிங்கோ சிங். 1979 ஜனவரி 1-ம் தேதி, இம்பாலுக்குக் கிழக்கே செக்தா என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் வறுமை. எப்பேர்ப்பட்ட வறுமை என்றால், பையன் வளர்ந்தது அநாதை இல்லத்தில். மூன்று வேளைச் சோறு என்பதே அங்கே ஒரு லட்சியம்.

இந்திய விளையாட்டு ஆணையம் அப்போது கிராமம் கிராமமாகப் போய் திறமையுள்ள சிறுவர்களைப் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தது. அவர்கள் கண்ணில் டிங்கோ பட்டார். மேஜர் ஓ.பி. பாட்டியா என்பவரின் மேற்பார்வையில் பயிற்சி. 1989-ல் அம்பாலாவில் நடந்த தேசிய சப்-ஜூனியர் போட்டியில் பட்டம்! அப்போது வயது பத்து. நாமெல்லாம் அந்த வயதில் ஸ்லேட்டுக் குச்சிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அமெச்சூர் குத்துச்சண்டை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டி.வி.யில் கோடிக்கணக்கான டாலர் பந்தயத்தோடு பன்னிரண்டு ரவுண்ட் நடக்கிறதே, அது தொழில்முறை. அமெச்சூரில் ஜெயித்தால் பதக்கம், மேடை, தேசிய கீதம். அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ராணுவம், கடற்படை, ரயில்வே, போலீஸ் என்று எங்காவது ஒரு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். 1998-ல் ஒரு சண்டைக்கு ஐந்து ரவுண்ட்; ஒரு ரவுண்டுக்கு இரண்டே நிமிஷம். மொத்தம் பத்து நிமிஷம். டீக்கடையில் டீ ஆர்டர் கொடுத்து, ஆற்றி, குடித்து முடிக்கிற நேரம்!

ஆளை அடித்துச் சாய்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையுறையின் முன்பக்கம், விரல் முட்டி இருக்கிற இடத்தில் அப்போது வெள்ளையாக ஒரு பட்டை இருக்கும். அந்தப் பகுதி எதிராளியின் முகத்திலோ மார்பிலோ சுத்தமாகப் பட்டால்தான் புள்ளி. அதையும் யார் முடிவு செய்வது? 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் அடி அடியென்று அடித்தும், நடுவர்கள் தங்கத்தை உள்ளூர் கொரியருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். உலகமே சிரித்தது. அதற்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் மெஷின் வந்தது. வளையத்தைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு பட்டன் பெட்டி. 2013 வரை இருந்த அந்த முறையில், ஒரு குத்து விழுந்ததும் ஐந்தில் மூன்று பேராவது ஒரே விநாடிக்குள் பட்டனை அமுக்கினால்தான் ஒரு புள்ளி ஏறியது.

இதை பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் விளக்கினேன். தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தவர், ''அட, நம்ம கோர்வைப் புடவை மாதிரி சொல்லுங்க!'' என்றார். கோர்வை என்பது உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வருகிற காஞ்சிப் பட்டு. மூன்று நாடா போட்டு நெய்ய வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம், கூட ஒரு ஆள் மறுபக்கம். இரண்டு பேர் கையும் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் உடலும் கரையும் கோர்த்துக்கொள்ளும். ஒருவர் கண் அசந்தால் போச்சு. அப்போது குத்துச்சண்டைக்காரன் பாடு இன்னும் மோசம். அவன் குத்தியது நிஜம், வலித்தது நிஜம்; வெளியே மூன்று கட்டை விரல்கள் ஒன்றாக அசைந்தால்தான் அது கணக்கு!

எடை வேறு இருக்கிறது. அப்போது பான்டம்வெயிட் என்றால் 54 கிலோ. போட்டியன்று காலையில் தராசில் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒரு காஞ்சிபுரம் இட்லி கூடுதலாக உள்ளே போயிருந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டிங்கோ அதுவரை 51 கிலோவில் சண்டை போட்டுவிட்டு, அப்போதுதான் 54-க்கு ஏறியவர். மூன்று கிலோதானே என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று கிலோவுக்குள் அவரைவிட உயரமான, கை நீளமான, எலும்பு கனமான ஒரு புதுக் கூட்டமே காத்துக்கொண்டிருக்கும்.

சரி, பாங்காக்குக்கு வருவோம்.

தாய்லாந்து குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்த நாடு. கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அடிக்கிற 'முவே தாய்' அவர்களுடைய சொந்தக் கலை. ஏழெட்டு வயதிலேயே பையன்களை வளையத்துக்குள் இறக்கிவிடுவார்கள். 1996 அட்லாண்டாவில் அந்த நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கம் கிடைத்ததே குத்துச்சண்டையில்தான். சோம்லுக் காம்சிங் என்பவர் வாங்கினார். ஊர் திரும்பியவர் மீது பணமாரி பொழிந்தது.

ஆனால் வேடிக்கை பாருங்கள், நம் ஆட்களுக்கு ராசியான ஊரும் அதே பாங்காக்தான்! 1966, 1970 என்று அடுத்தடுத்து இரண்டு ஆசிய விளையாட்டுகள் அங்கே நடந்தன. இரண்டிலும் ஹெவிவெயிட் தங்கம் நம்ம ஹவா சிங்குக்கு. 1994-ல் அங்கே நடந்த உலகக் கோப்பைக் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கியவர் யார் தெரியுமா? நம்ம தமிழ்நாட்டு வி. தேவராஜன்! 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பான்டம்வெயிட்டில் இந்தியாவுக்காக இறங்கியவர். 1995-க்கான அர்ஜுனா விருது இவருக்குக் கிடைத்தது. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப பரம்பரை என்று வடசென்னை வாத்தியார்கள் கொட்டகை போட்டு வளர்த்த விளையாட்டு, வெறும் சினிமாக் கதை இல்லை என்பதற்கு உயிருள்ள சாட்சி.

1997-ல் பாங்காக்கில் கிங்ஸ் கப் போட்டி. பதினெட்டு வயது டிங்கோ போனார்; தங்கத்தோடு வந்தார். 'போட்டியின் சிறந்த வீரர்' என்ற பரிசும் அவருக்கே. தாய்லாந்துக்காரர்கள் நெற்றியைச் சுருக்கி, 'யாருடா இந்தச் சின்னப் பயல்?' என்று பார்த்தார்கள்.

அடுத்த வருஷம், 1998 டிசம்பரில், அதே ஊரில் ஆசிய விளையாட்டு. இவரைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? குழுவில் பெயர் வந்தது. அப்புறம் அதே பெயரை அடித்துவிட்டார்கள்!

ஆபீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரமோஷன் லிஸ்டில் நம் பெயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லி, அல்வாவும் வாங்கிவிட்ட பிறகு, 'திருத்திய பட்டியல்' என்று ஒன்று நோட்டீஸ் போர்டில் ஏறுமே... அந்த வயிற்று எரிச்சல்தான். ஆனால் நமக்கு அடுத்த வருஷம் இன்னொரு லிஸ்ட் வரும். ஆசிய விளையாட்டு வர நாலு வருஷம் ஆகும். குத்துச்சண்டைக்காரனின் ஆயுளில் நாலு வருஷம் என்பது நம் சர்வீஸில் இருபது வருஷம். பத்தொன்பது வயதுப் பையன் உடைந்து போனார். நினைவு தப்பி விழும் வரை குடித்தார். கதாநாயகனைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது வழக்கம். நான் மறைக்கவில்லை. ஏனென்றால், அந்தக் கிடையிலிருந்து எழுந்துதான் அவர் பாங்காக் போனார். கடைசி நேரத்தில் பெயரை மறுபடி சேர்த்தார்கள்.

அரையிறுதியில் எதிரே நின்றவர் சொந்தாயா வொங்பிராதேஸ். தாய்லாந்துக்காரர். உலகத் தரவரிசையில் முன்னணியில் இருந்தவர். தங்கம் அவருக்கே என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். வைகாசியில் வரதர் கருட சேவை அன்று, எங்கள் ஊர் ராஜ வீதியில் வருகிற கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து பார்த்தவர்களுக்கு, பாங்காக்கில் ஒரு தாய்லாந்து வீரனை எதிர்த்து நிற்பது எப்படி என்று கொஞ்சம் புரியும். கூட்டம் அவருடையது. கொடி அவருடையது. ஊரே அவருடையது. டிங்கோவிடம் இருந்தது இரண்டு கை. அதிலும் குறிப்பாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்து விழுகிற இடது கை.

ஜெயித்தது டிங்கோ!

இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் திமூர் துலியாகோவ். அவரும் உலகத் தரவரிசைக்காரர்தான். ஐந்து ரவுண்ட் என்று சொன்னேன் அல்லவா? நாலாவது முடிந்ததும் துலியாகோவ் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார். ஐந்தாவது ரவுண்டுக்கு மணி அடிக்க வேலையே இல்லாமல் போயிற்று. 1982 டெல்லியில் கவுர் சிங் வாங்கியதற்குப் பிறகு, பதினாறு வருஷம் கழித்து இந்தியாவுக்கு ஆசியக் குத்துச்சண்டைத் தங்கம்!

ஆனால் அந்த டிசம்பரில் நாம் கொண்டாடியது வேறு ஒன்றை. அதே பாங்காக்கில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் ஹாக்கித் தங்கம், 32 வருஷத்துக்குப் பிறகு. 'நம்ம தன்ராஜ்' என்று தமிழ்நாடே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. நியாயமான சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தின் ஓரத்தில் 54 கிலோ மணிப்பூர்க்காரர் ஒருவர் கவனிக்கப்படாமல் நின்றுவிட்டார்.

1998-க்கான அர்ஜுனா விருது வந்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக். முதல் சண்டையிலேயே உக்ரைனின் செர்ஹி டானில்சென்கோவிடம் தோற்றார். அந்த டானில்சென்கோ பிறகு வெண்கலம் வாங்கினார். டிங்கோவுக்கு அப்போது வயது 21. ஜாதகம் பார்க்கிறவர்கள் 'இனிமேல்தான் யோகம்' என்று சொல்கிற வயசு! பாங்காக்கில் ஏறிய அந்த உயரத்துக்கு அதன் பிறகு அவர் ஏறவே இல்லை. நமக்கெல்லாம் 60 வயதில் வருகிற ரிடையர்மென்ட், குத்துச்சண்டைக்காரனுக்கு இருபதுகளிலேயே கதவைத் தட்டிவிடுகிறது. பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை, வழியனுப்பு விழாவில் சுவர்க் கடிகாரம்கூடக் கிடையாது.

நல்லவேளை, கடற்படை வேலை இருந்தது. பிறகு பயிற்சியாளராக இம்பாலுக்கே போனார். பத்மஸ்ரீ வந்தது 2013-ல். பதக்கத்துக்கும் பத்மஸ்ரீக்கும் நடுவே பதினைந்து வருஷம்! நம்ம அரியர்ஸ் எவ்வளவோ தேவலை.

'அவ்வளவுதானா? ஒரு ஆசியத் தங்கம், ஒரு ஒலிம்பிக் தோல்வி. இதற்கா இவ்வளவு நீளம்?' என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டால் அவ்வளவுதான். ஆனால் சில பேரின் கணக்கை அவர்களுடைய பேரேட்டில் மட்டும் பார்த்தால் டேலி ஆகாது.

1998 டிசம்பரில் மணிப்பூரின் காங்கதேய் கிராமத்தில், வயல் வேலை செய்கிறவரின் மகளாக ஒரு பதினாறு வயதுப் பெண் இருந்தாள். ஓட்டம், ஈட்டி எறிதல் என்று ஏதோ செய்துகொண்டிருந்தாள். டிங்கோ தங்கத்தோடு திரும்பியபோது மணிப்பூரே திருவிழா கொண்டாடியது. அதைப் பார்த்துத்தான் தனக்கும் கையுறை மாட்ட ஆசை வந்தது என்று அந்தப் பெண்ணே பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். அவர்தான் மேரி கோம். ஆறு முறை உலக சாம்பியன்! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம். சரிதா தேவியும் டிங்கோவைப் பார்த்து வந்தவர்தான். சிட்னியில் டிங்கோவின் கழுத்துக்கு வராத ஒலிம்பிக் பதக்கம், பன்னிரண்டு வருஷம் சுற்றிக்கொண்டு வந்து அவர் ஊர்ப் பெண்ணின் கழுத்தில் விழுந்தது.

பிள்ளையார்பாளையத்து நெசவாளரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும். அப்புறம் சொன்னார்: ''நான் நெஞ்ச புடவைய இதுவரைக்கும் எந்தக் கல்யாணத்துலயும் நான் பார்த்தது கெடையாது சார். ஆனா எங்கயோ ஒரு பொண்ணு அதைக் கட்டிக்கிட்டு மணவறையில உக்காந்துதான் இருக்கும். அது போதும்னு நெனைச்சுக்குவேன்.'' ஒரு இழை சரிபார்த்துவிட்டுத் தொடர்ந்தார்: ''ஆனா ஒண்ணு சார். கூலி மட்டும் ஒழுங்கா வரணும்!''

அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயம்.

2017-ல் டிங்கோவுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. வைத்தியச் செலவுக்காக இம்பாலில் இருந்த வீட்டை விற்க வேண்டி வந்தது. 2020-ல் நோய் மறுபடி தலைதூக்கியபோது நாடே ஊரடங்கில் இருந்தது. ஏப்ரல் மாதம் ஏர் ஆம்புலன்ஸில் டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும்போது சாலை வழி. டெல்லியிலிருந்து இம்பால் வரை சுமார் 2,400 கிலோமீட்டர், ஒரு புற்றுநோயாளி, ஆம்புலன்ஸில்! ஊர் வந்து இறங்கியதும் கொரோனா என்றார்கள். அந்தக் கொரோனாவையும் ஜெயித்தார். எழுந்து வீட்டுக்கு வந்தார். ஆனால் கல்லீரல் விட்டுக்கொடுக்கவில்லை. 2021 ஜூன் 10-ம் தேதி காலமானார். வயது 42.

அடுத்த மாதமே, ஜூலை 22-ம் தேதி, 'சார்பட்டா பரம்பரை' வெளிவந்தது. வீட்டுக்கு வீடு குத்துச்சண்டைப் பேச்சு. ஸ்டூலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பையன்கள் கூடத்தில் முஷ்டி மடக்கினார்கள். கபிலன் கீழே விழுந்து, குடியில் அழிந்து, எழுந்து வந்து ஜெயித்தபோது நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அதே மாதிரி விழுந்து எழுந்து நிஜமாகவே ஜெயித்த ஒருவர் ஆறு வாரத்துக்கு முன்னால்தான் போய்ச் சேர்ந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேடையில் மாலை போடுவதற்கு நமக்கு ஆள் பஞ்சமே இல்லை. போட்டோவில் விழுவதற்காக இடித்துக்கொண்டு நிற்பார்கள். மாலை வாடிய பிறகு, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற வீரனுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் வேண்டும். தங்கம் வாங்கி வந்த கையில் ஒரு நிரந்தர வைத்தியக் காப்பீடும், திட்டமான ஓய்வூதியமும் வைத்தால், எந்த வீரனும் வீட்டை விற்க வேண்டியிருக்காது. இது தர்மம் இல்லை சார், கூலி.

உங்கள் தெருவிலும் ஒரு பையனோ பெண்ணோ விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கலாம். ஷூவில் ஓட்டை இருக்கும். அம்மா, 'ஒழுங்கா பரீட்சைக்குப் படி' என்று கத்திக்கொண்டிருப்பாள். நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மாவட்டப் போட்டிக்கு ரயில் டிக்கெட் எடுக்கக் காசில்லை என்று வந்து நின்றால், 'அப்புறம் பார்க்கலாம் தம்பி' என்று மட்டும் சொல்லாதீர்கள். செக்தா கிராமத்து அநாதை இல்லத்துப் பையனிடம் யாரும் அப்படிச் சொல்லாததால்தான், பாங்காக்கில் ஒரு நாள் நம்ம கொடி மேலே ஏறியது.